பை இறங்காத காலை

கொல்கத்தாவில் கரியாஹாட் சந்தடியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, பழைய வீடு ஒன்றின் இரண்டாவது மாடியில் நீலாவதி தனியாக இருந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போன பிறகும் அந்த வீட்டை விடவில்லை. தினமும் காலையில் பால்கனியிலிருந்து கயிற்றில் ஒரு துணிப்பையை இறக்குவார். எதிர்க்கடை ரஞ்சன் அதில் பாலையும் பேப்பரையும் வைத்து, கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பான். பை மேலே போகும். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு இப்படித்தான் பொழுது விடியும்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு நாள், இறங்கிய பை ஏறவே இல்லை. பால் அதுபாட்டுக்கு வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ரஞ்சன் கீழ்வீட்டு சாதனாவிடம் சொல்ல, அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவை உடைத்துத்தான் போக வேண்டியிருந்தது. சமையலறைத் தரையில் கிடந்த நீலாவதிக்கு அன்று என்ன கிழமை என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை.

எமர்ஜென்சியில் பார்த்துவிட்டு, உடம்பில் உப்பு குறைந்துவிட்டது என்றார்கள். பிரஷர் மாத்திரை பாதிக் காரணம். யாரோ சொன்னார்கள் என்று ரசத்தில்கூட உப்புப் போடாமல் சாப்பிட்ட நீலாவதியின் வைராக்கியம் மீதிக் காரணம். எலும்பு எதுவும் முறியவில்லை. டிரிப் ஏற்றி, மாத்திரையை மாற்றி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், பார்த்து நடங்கள், உட்கார்ந்தே இருந்தால் கால் போய்விடும் என்றார். அதில் ‘பார்த்து’ என்பதை மகள் கீதாஞ்சலி பிடித்துக்கொண்டாள். ‘நடங்கள்’ என்பதை அம்மா பிடித்துக்கொண்டார்.

கீதாஞ்சலிக்கு வீடும் ஆபீசும் ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில். அம்மாவுக்கென்று ஓர் அறையைத் தயாராக வைத்திருந்தாள். ஏசி, டிவி, கீழே போக லிஃப்ட், எல்லாம் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் நீலாவதிக்கு எரிச்சல். அங்கே சந்தை இல்லை, ரஞ்சன் இல்லை, கையில் தன் வீட்டுச் சாவி இல்லை. ஒரு கொத்து கறிவேப்பிலை வேண்டுமென்றாலும் மாப்பிள்ளை ஜெயந்திடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த அன்பான அறையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது.

ஒரு வாரம் அம்மாவும் மகளும் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட வேண்டும், ஒரு சாவி சாதனாவிடம் இருக்க வேண்டும், ரஞ்சன் கடை திறந்ததும் பை இறங்கிவிட வேண்டும்.

“ஒரு நாள் பை இறங்கலைன்னாலும் நீ சால்ட் லேக் வந்துடணும்மா. நோ ஆர்க்யுமென்ட்.”

நீலாவதி சரி என்றார். டெலிபோன் ஆபீசில் யூனியன்காரர்களையே சமாளித்தவர், பெற்ற மகளிடம் தோற்றுப்போனார்.

அதற்குப் பிறகு பை ஒரு நாளும் தவறவில்லை. தெருவே தூங்கும் மதிய நேரத்தில் நீலாவதி வேறொரு வேலையும் ரகசியமாகச் செய்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி இறங்கி ஏறினார். பிறகு முதல் மாடி வரை. பிறகு தெருக்கதவு வரை போய் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் துணைக்கு ஆள் போட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் இரவெல்லாம் மழை கொட்டி, விடியற்காலை குளுகுளுவென்றிருந்தது. ரஞ்சன் கடை இன்னும் திறக்கவில்லை. முனை வரை போய்விட்டு ஓடி வந்துவிடலாம் என்று நீலாவதி கைத்தடியை எடுத்தார். போன் சார்ஜில் கிடந்தது.

தெருவில் கால் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதால் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டார். முனை வந்தது, கால் நிற்கவில்லை. சந்தையில் பேரம் பேசி ஒரு வாழைப்பூ வாங்கினார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மண் குவளையில் ஒரு டீ குடித்தார். நன்றாக இருந்ததால் இன்னொன்றும் குடித்தார்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம். யாருக்கு என்னவோ என்று மனது பதைக்க, முன்னால் நின்றவரிடம் வங்க மொழியில் விசாரித்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், மேல்மாடியில் தனியாக இருக்கும் மாஷிமாவைக் காணோம், போனையும் எடுக்கவில்லை என்றார்.

நீலாவதி நிமிர்ந்து பார்த்தார். பால்கனியில் கயிறு சுருட்டியது சுருட்டியபடி இருந்தது. அதன் பக்கத்தில் சாதனா கையில் சாவியோடு நின்று, வீட்டில் ஒரு மூலை விடாமல் பார்த்தாயிற்று என்று ரஞ்சனுக்குக் கத்திக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டே கீழே பார்த்தவள், சாவி இருந்த கையை அப்படியே நீலாவதியை நோக்கி நீட்டினாள்.

ரஞ்சன் சிரித்தபடி பால் டிரேயின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். மொத்தத் தெருவுக்கும் உயிர் வந்தது. நீலாவதி மட்டும் சுருட்டிய கயிற்றையே பார்த்தார். கீதாஞ்சலிக்குப் போன் போய்விட்டதாம். பை இறங்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான்.

டாக்சியிலிருந்து இறங்கிய கீதாஞ்சலியின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். அழுதாள், திட்டினாள், மறுபடியும் அழுதாள்.

“தப்புதான் கீதா. பெட்டிய எடுத்து வைக்கிறேன்” என்றார் நீலாவதி.

கீதாஞ்சலி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கைத்தடியையும் வாழைப்பூவையும் பார்த்தாள். “எப்படிம்மா இறங்கின?”

“படியிலதான்.”

“ஏறுவியா?”

நீலாவதி கைத்தடியை அழுத்தி ஊன்றினார். வாழைப்பூவை அவளிடம் கொடுத்துவிட்டு ஏறத் தொடங்கினார். முதல் மாடியில் நின்று மூச்சு வாங்கினார். கீதாஞ்சலி இரண்டு படி பின்னால் ஒரு கையை ஏந்தினாற்போல் நீட்டியபடி வந்தாள், ஆனால் தொடவில்லை.

மேலே போனதும் நீலாவதி நேராகக் கட்டிலடியில் குனிந்து பெட்டியை இழுத்தார். கீதாஞ்சலி அதைக் காலால் உள்ளே தள்ளினாள். பால்கனிக்குப் போய்ப் பையை எடுத்துவந்து அம்மாவின் கையில் வைத்தாள்.

“எங்க வேணாலும் போயிட்டு வா. போறதுக்கு முன்னால பைய இறக்கிட்டுப் போ.”

நீலாவதிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிடு, வாழைப்பூ ஆய இன்னும் இரண்டு கை வேண்டும், இன்றைக்கு உப்புப் போட்டே சமைக்கிறேன் என்று அடுக்கினார். பிறகு பையை இறக்கினார். கீழே ரஞ்சன் பாலை வைத்துக் கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தான். நீலாவதி பையை மேலே இழுத்தார். கீதாஞ்சலி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.