விழுந்தால் எழும்பும்

தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரையோடு பேச்சு சூடாகிக்கொண்டிருந்த நேரம், தொழிற்சங்கத் தலைவர் கன்னையா திரும்பி, "எடுத்துக் காட்டு கலா" என்றார். விஜயகலாவின் போனில் எடைக் கணக்குப் பக்கம் திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். வெறும் வெள்ளைத் திரை. தொரை பக்கம் நின்ற கணக்கப்பிள்ளை இருமுகிற மாதிரிச் சிரித்தார்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று சொல்லி எடையில் வெட்டுவது அந்தத் தோட்டத்தில் தலைமுறை வழக்கம். தராசு காட்டியதைப் பெண்கள் நின்ற இடத்திலேயே போனில் தட்டிவிட, எல்லார் எடையும் ஒரே பக்கத்தில் சேரும்படி ஆப் எழுதினவள் விஜயகலா. கொடகவெலயில் கம்பியூட்டர் படித்தும் வேலை கிடைக்காமல் கொழுந்து எடுக்கிறவள். கோயில் வாசிகசாலையில் கிடந்த பழைய கம்பியூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டினாள். முதலில், ஆப் ஓடுகிற கறுப்பு ஜன்னலை யாராவது மூடினால் ஆப்பும் செத்துப்போகும். கேம் விளையாட வருகிற பொடிசுகள் மூடிவிடும். மழைக்குக் கரண்ட் போனாலும் அதே கதைதான். அதனால் ஜன்னலே இல்லாமல் பின்னால் ஓடுகிற சர்விஸாக மாற்றினாள். விழுந்தால் தானே எழும்பும். கரண்ட் போய் வந்தாலும் எழும்பும். பாஸ்வேர்ட் தெரிந்த ஆள் நிறுத்தினால் மட்டும் நிற்கும்.

பாஸ்வேர்ட் தெரிந்தது அவளுக்கும், அந்தக் கம்பியூட்டரைத் தோளில் வைத்து மலையேற்றின தம்பி யோகராஜுக்கும்தான்.

சாட்சி இல்லாத பேச்சு சீக்கிரம் முடிந்தது. வாசலில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டார்கள், மரியாதைக்கு அல்ல. கருப்பாயி மட்டும் வாயைத் திறந்தாள்.

"தொரை ஒப்பீஸ் தேத்தண்ணி ருசியா இருந்துச்சா கலா?"

வாசிகசாலைக்கு ஓடினாள். கம்பியூட்டர் உயிரோடுதான் இருந்தது. ஆப் விழவில்லை, நிறுத்தப்பட்டிருந்தது. கரண்ட் வந்தாலும் எழும்பாதே என்றும் சொல்லப்பட்டிருந்தது. அந்த இரண்டு கட்டளையையும் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

கதவடியில் நிழல் தட்டியது. யோகராஜ். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட சொக்ஸ். நேற்றுவரை அவனுக்கு இல்லாத சின்னக் கணக்கப்பிள்ளை உடுப்பு, கடை மடிப்புகூடக் கலையவில்லை.

"ஒண்ணையும் அழிக்கலக்கா. இன்னைக்கு மட்டுந்தான் நிப்பாட்டினேன்."

"அவங்க கேட்டதும் இன்னைக்கு மட்டுந்தானே."

உரமூட்டை தூக்கியே அப்பா முதுகு போனதைச் சொன்னான். லயத்து வீட்டுக் கூரை ஒழுகுறதை உன் ஆப் நிப்பாட்டுமா என்று கேட்டான். அதில் எதுவும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"வெளிய வந்து நீதான்னு சொல்லு."

குனிந்து சொக்ஸை இழுத்துவிட்டான். "சொன்னாலும் நம்ப மாட்டாங்கக்கா. கம்பியூட்டர் தெரிஞ்சவ நீதானே."

அவன் போனபின் முதலில் பாஸ்வேர்டை மாற்றினாள். பிறகு சர்விஸை எழுப்பினாள். ஒன்றுமே நடக்காத மாதிரி அது ஓட ஆரம்பித்தது.

மறுநாள் மடுவத்தில் சாக்குக்கு வெட்டினவன் யோகராஜ். ஒருத்தி விடாமல் எல்லாரும் எடை போட்டுவிட்டு நகர்ந்தார்கள். போன்கள் இடுப்பில் செருகினபடியே இருந்தன. கடைசியாக விஜயகலா தன் கொழுந்தைத் தராசில் வைத்தாள். முள் காட்டியதைப் போனில் தட்டினாள்.

பக்கம் உடனே திறந்தது. அன்றைக்கு அதில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.