கேட்டதற்கு மட்டும் பதில்

அந்த ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் கவுன்டரில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று மேலாளர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: சிரித்த முகம், கேட்டதற்கு மட்டும் பதில். ஆறு வருடத்தில் அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. "எங்க கார்டு இங்க செல்லுமா?" என்று கேட்டால் இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலைப் பார்த்து, "செல்லும் சார்" என்பாள். ஆஸ்பத்திரிதான் பட்டியலில் இருக்கிறது, மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, அவர் தனியாக பில் அனுப்புவார், அதை இன்சூரன்ஸ்காரன் தொடமாட்டான் என்பதையெல்லாம் கேட்டால் சொல்லலாம். முன்கூட்டியே கேட்டால் பட்டியலில் உள்ள வேறு டாக்டரையே போட்டுக் கொடுப்பார்கள். ஒரு போன் போதும். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவனுக்கு இந்தக் கேள்வியெல்லாம் எங்கிருந்து வரும்? வராது என்று தெரிந்துதானே இப்படி ஒரு ஏற்பாடு. தூ!

அவளுடைய அண்ணன் வெல்டர். பதினெட்டு வருடம் அடுத்தவன் பட்டறையில் கண்ணெரிய உழைத்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, அடுத்த மாதம் சொந்தப் பட்டறை போடுவதாக இருந்தான். அதற்குள் பித்தப்பையில் கல். நாலு இடத்தில் விசாரிக்காமல் நேராக அவளிடம்தான் வந்தான்.

"ஏம்மா, நம்ம கார்டு இங்க செல்லும்ல?"

"செல்லும்ணே," என்றாள், கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். பின்னால் வரிசை நீண்டு நின்றது. படிவத்தை நீட்டினாள். அவன் படிக்காமல் கையெழுத்துப் போட்டான். நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த டாக்டர் சமாசாரம் இருந்தது. அவள் வேண்டுமென்று மறைக்கவில்லை. சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. அதுதான் இதில் மகா கேவலம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து அண்ணன் திரும்ப வந்தான். தங்கச்சிதானே என்று உள்ளே நுழையாமல், டோக்கன் எடுத்து வரிசையில் நின்று, முறை வந்த பிறகு ஒரு தாளை அவள் முன்னால் வைத்தான்.

"இது தப்பா வந்திருச்சு போல, பாரு. ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிருச்சு. இது யாரோ மயக்க மருந்து டாக்டராம். அவர் லிஸ்ட்லயே இல்லையாம், நாமதான் கட்டணுமாம். கட்டினா பட்டறை அட்வான்ஸுக்கு வெச்ச காசு மொத்தமும் போயிரும்மா."

தப்பாக வரவில்லை. இதே தாளை எத்தனையோ பேர் இதே மேசைமேல் வைத்து அழுதிருக்கிறார்கள். அவளும் சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்திருக்கிறாள்.

"தப்பில்லண்ணே. அப்படித்தான் வரும்."

அவன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

வாய் அதுபாட்டுக்குத் திறந்தது. உதட்டில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பும் வந்து ஒட்டிக்கொண்டது.

"நீங்க கேக்கலையே சார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. அண்ணன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பாள். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"வேற எங்க போனாலும் என்ன கேக்கணும்னு யோசிச்சுட்டுத்தான் போவேன்," என்றான். "தங்கச்சிகிட்டதானே போறோம்னு யோசிக்காம வந்துட்டேன்."