நாலு பள்ளம் விழுந்த தொப்பி

சமையலறை மேசை முழுக்க ஒரு சிப்பாய் துண்டு துண்டாகக் கிடந்தான். தேயிலைச் சாற்றில் ஊறிக் காக்கியாகிவிட்ட வெள்ளைச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. பிஸ்கட் டப்பா மூடியில் வெட்டிய, ஆஸ்திரேலியப் படையின் உதயசூரியச் சின்னம், கதிர்கள் கொஞ்சம் கோணலாக, உப்பு ஜாடியில் சாய்ந்திருந்தது. பிரையனியின் பழைய கைப்பையை அறுத்து, மார்பின் குறுக்கே போடும் தோட்டாப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தான் ரெவி.

"ரோமம் வெட்டறப்போ ஆட்டுக்குக் காயம் பட்டா, இதே ஊசியாலதான் தைப்பீங்களா?" என்றாள் எட்டு வயது டில்லி.

"இது வேற ஊசி. ஆனா ஒண்ணு, ஆடு உன்னை மாதிரி நெளியாது."

"நியூசிலாந்துக்காரங்க மனுஷங்களுக்கு முன்னாடி ஆட்டைத்தான் நலம் விசாரிப்பாங்களாமே. ஸ்கூல்ல சொல்றாங்க."

"உங்க ஆளுங்க கிரிக்கெட்ல தோத்துடுவோம்னு பயந்தா பந்தைத் தரையில உருட்டிடுவாங்கன்னு எங்க ஸ்கூல்லயும் சொன்னாங்க."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டில்லியின் அம்மா பிரையனி திரும்பாமலே சிரித்தாள். "உலகப் போரை வெளியில போய் நடத்துங்க. சட்டை இன்னும் காயல."

போன வசந்தத்தில் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவின் கூனம்பிள் ஊருக்கு ஆட்டு ரோமம் வெட்ட வந்தவன் ரெவி. வேலை முடிந்து மற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பியபோது இவன் மட்டும் கிளம்பவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தபோது பிரையனி ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டாள்: "டில்லி மனசு வந்து உன்னைச் சேர்த்துக்கட்டும். அவளைத் தாண்டி என்னால வர முடியாது."

டில்லியின் அப்பா லாக்லன் நோயில் போய் இரண்டு வருடம். அவனுடைய கொள்ளுத்தாத்தா வால்டர், முதல் உலகப் போருக்குக் குதிரையோடு போனவர். ஏப்ரலில், போருக்குப் போன ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாள் ஊர்வலம் வந்தால், வால்டரின் பதக்கங்களைக் குத்திக்கொண்டு லாக்லன் மகளின் கையைப் பிடித்து நடப்பான். பிரையனி ஊர் பேண்டில் கொம்பு வாசிப்பவள், முன்வரிசையில் போயாக வேண்டும். ஆகவே போன வருடம் டில்லி நடக்கவே இல்லை; இந்த வருடம் தனியாக நடக்கப் போகிறாள். நடந்தால் வால்டர் மாதிரியே சிப்பாய் வேஷத்தில்தான் நடப்பேன் என்று அடம்.

"கூட யாராச்சும் வரட்டுமேம்மா" என்று பிரையனி ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"குடும்பத்து ஆளுங்கதான் நடக்கணும்" என்றாள் டில்லி. சொல்லும்போது ரெவியைப் பார்த்தாள். ரெவி நூலைப் பார்த்துக்கொண்டான்.

அப்படிப்பட்ட பெண் மறுநாள் காலை, பின்கதவு ஆணியில் தொங்கிய அப்பாவின் தொப்பியைத் தானே எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள். லாக்லன் போனபின் யாரும் தொடாத தொப்பி. கூடவே, குதிரைப்படைக்காரர்கள் தொப்பியில் செருகும் ஈமு இறகு, வேலிக் கம்பியிலிருந்து பொறுக்கியது, ஒரு கைப்பிடி.

"இதுல பண்ணுங்க. வெட்டக் கூடாது."

"ஒரு நூல்கூட வெட்ட மாட்டேன்."

பள்ளிப் பேருந்து போனதும் ரெவி வேலையைத் தொடங்கினான். இரண்டு கையிலும் ஏந்திவந்து கொடுத்தாளே என்று முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான். கெட்டில் ஆவியில் தொப்பியை இளக்கினான். சிறுவயதில் அவன் அம்மா அவனுக்குச் செய்துகொடுத்ததும் இப்படித்தான். சிப்பாய்த் தொப்பி என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒரே வடிவம். உச்சியைக் கூராகத் தூக்கி, சுற்றிலும் நாலு பள்ளம் அமுக்கி, ஓரத்தைத் தட்டையாகத் தேய்த்துவிட்டான். இறகையும் செருகி மேசை நடுவில் வைத்தபோது அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

டில்லி உள்ளே வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"இது எங்க தொப்பி இல்ல! நியூசிலாந்துத் தொப்பி! அப்பா தொப்பியைக் கெடுத்துட்டீங்க!"

பிரையனி ஓடிவந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ரெவி... இங்க இடது ஓரத்தைத் தூக்கிக் குத்துவாங்கப்பா. இது எலுமிச்சம்பழம் பிழியற கிண்ணமாட்டம் இருக்கு."

அவனுக்கு இந்த ஊரில் இதுதான் முதல் ஏப்ரல். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. டில்லி தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, சின்ன கேஸ் அடுப்பும் கெட்டிலுமாக ரெவி அவள் எதிரே வந்து மண்ணில் அமர்ந்தான்.

"ஆவி பட்டா மறுபடி இளகும். ஆனா நான் தொட மாட்டேன். எனக்குத் தெரியாது. உங்கப்பா தொப்பி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத்தானே தெரியும்?"

தண்ணீர் கொதித்தது. அவன் கெட்டிலை ஏந்தியபடி காத்திருந்தான். கடைசியில் அவளே தொப்பியை ஆவியில் காட்டினாள். உள்ளே கைமுட்டியை விட்டு ஒவ்வொரு பள்ளமாக வெளியே தள்ளினாள்.

"இங்க கட்டைவிரல். இங்க ரெண்டு விரல்" என்றாள், முன்பக்கத்தைக் கிள்ளியபடி. "யாராச்சும் பொம்பளைங்க எதிர வந்தா, இப்படிப் பிடிச்சுத் தூக்குவாரு. கோழி வந்தாகூடத் தூக்குவாரு."

"கோழிக்குமா?"

"பொட்டைக் கோழிக்கு மட்டும்."

இருவரும் கூண்டைப் பார்த்தார்கள். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். பின்பக்கம் ஒரு பள்ளம் மட்டும் முழுதாகப் போகவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "சரி, முதுகுப் பக்கம்தானே" என்று எழுந்துபோனாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று ரெவிக்குத் தெரியவில்லை.

ஊர்வலத்தன்று காலை நல்ல குளிர். ரெவி ரொட்டிக்கடை எதிரே, ஓரமாகக் கூட்டத்தோடு நின்றான். முதலில் பேண்ட் போனது. கன்னம் உப்பக் கொம்பு ஊதிக்கொண்டே பிரையனி கண்ணால் அவனைத் தொட்டுவிட்டுப் போனாள். பின்னால் முதியவர்கள். அவர்களுக்கும் பின்னால், வலது மார்பில் வால்டரின் பதக்கங்களும் குறுக்கே கைப்பைத் தோலுமாக ஒரு குட்டிக் குதிரைவீரன். இடது ஓரம் தூக்கிக் குத்திய தொப்பியில் ஈமு இறகு ஆடியது. பக்கத்தில் மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் பிடித்து நடக்க ஒரு பெரியவர் கை இருந்தது. அவளுக்கு இல்லை.

அவன் நேருக்கு வந்ததும் டில்லி நின்றாள். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"ஓய், கிவி! என்ன நின்னு வேடிக்கை பார்க்கற?"

"குடும்பத்து ஆளுங்கதான் நடக்கணும்னு..."

"அதனாலதான் கூப்பிடறேன். சீக்கிரம் வா, எல்லாரும் திட்டறாங்க!"

அவன் தடுப்புக் கயிற்றைத் தாண்டித் தெருவில் இறங்கினான். சில்லிட்ட சின்னக் கை அவன் கைக்குள் நுழைந்தது.

"இடது கால் முதல்ல" என்றாள் அவள். "தப்பா வச்சிடாத."

முன்னால் போன பேண்டில் ஒரு கொம்பு மட்டும் திரும்பிப் பார்த்தது. பாட்டில் ஒரு ஸ்வரம் தவறிப்போனது.