கறை பிடிக்காத ஓடு

1979ஆம் வருஷம் ஆடி மாதத்தில், செங்கம் ரோட்டு ராஜமாணிக்கத்தின் கார் ஷெட்டில் சொட்டிய இன்ஜின் ஆயில், அவர் மனைவி ரேணுகாம்பாள் உறை ஊற்றி வைத்திருந்த தயிரில் வந்து மிதந்தது. ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு முற்றமும் இரண்டு சுவரும் இருந்தன. தயிர்ச்சட்டி மூடித்தான் இருந்தது. மூடியைத் திறந்தபோது மேலே கறுப்பாக, வழவழவென்று ஏடு கட்டியிருந்தது. ரேணுகாம்பாளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினாள். அந்த வருஷம் மழை கம்மி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை நல்ல விலைக்குப் போனது.

ராஜமாணிக்கம் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். கையில் காசு சேர்ந்தால் மற்ற மண்டிக்காரர்கள் நிலம் வாங்குவார்கள். இவர் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். வேட்டி முனையால் வண்டியின் மூக்கைத் துடைப்பார், அதே முனையால் தன் மூக்கையும் துடைத்துக்கொள்வார். வண்டிக்கு ஷெட் கட்டினார். தரைக்கு என்ன போடுவது என்று அந்த வருஷத் தொடக்கத்தில் ஊரையே வதைத்து எடுத்தார். சிமென்ட் தரை ஆயிலைக் குடித்துக் கறுத்துப்போனது. சிவப்புச் சாயத் தரை டயர் திரும்பினால் உரிந்தது. கடப்பா கல் வண்டி ஏறியதும் விரிசல் விட்டது. மொசைக்கை அவரே வேண்டாம் என்றார், அதில் அழுக்கு எது பூ எது என்று தெரியவில்லையாம். கடைசியில் கோதண்டராமன் என்ற பழைய சாமான் வியாபாரி, ராணிப்பேட்டைப் பக்கம் மூடிப்போன ஒரு கம்பெனியைப் பிரித்து லாரியில் கொண்டுவந்த பீங்கான் ஓடுகளைக் காட்டினான். வெள்ளை வெளேரென்று, கையில் எடுத்தால் மணிக்கட்டு வலிக்கிற கனம். ராஜமாணிக்கம் ஓட்டின் மேல் ஜாக்கியைத் தூக்கிப் போட்டார், காரை ஏற்றினார், கழிவு ஆயிலை ஊற்றினார். பிறகு வாயில் இருந்த வெற்றிலைச் சாற்றைத் துப்பி, துப்பியதை விரலால் தேய்த்தும் பார்த்தார். ஓட்டில் ஒரு பொட்டு இல்லை.

“எதுவும் நிக்காதுங்க இதுல,” என்றான் கோதண்டராமன்.

நிற்கவில்லை என்பது உண்மைதான். அந்தச் சாறு தன் சட்டை முதுகில் வந்து அப்பியிருந்ததை அவன் வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தான். பஸ்ஸில் எவனோ துப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே துவைத்துப் போட்டான். ஓடு அப்போது அவனுடையதாக இருந்தது. ராஜமாணிக்கம் வாங்கிப் பதித்த பிறகு, அது ஏற்காத அழுக்கெல்லாம் ராஜமாணிக்கத்தின் வீட்டுக்குள் வந்தது. டயரில் ஒட்டி வந்த சகதி தலையணை உறைக்குள் இருந்தது. கிரீஸ் இட்லித் துணியில் இருந்தது. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பெருச்சாளி மேல் வண்டி ஏறிவிட்ட அன்று ரேணுகாம்பாள் அரிசி களைந்த தண்ணீர் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கு உறவுக்காரர்களை ஏற்றி இறக்கிய வாரம் வீட்டில் யாரும் சமைக்கவே இல்லை. ஷெட் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருந்தது. சுகாதாரத்துக்காரர் ஒருவர் வந்து மோரை முகர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மகள் சந்திரகலாவுக்கு அப்போது ஒன்பது வயது. சோற்றுத் தட்டைக் கண்டாலே பல்லை இறுக்கிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் கூப்பிட்டுக் கொடுத்ததை மட்டும் தின்றாள், அதையும் முகர்ந்து பார்த்துத்தான் தின்றாள். குளிப்பாட்டும்போது முதுகெலும்பு ரேணுகாம்பாளின் கையில் தட்டுப்பட்டது. அன்றே அவள் கணவனிடம் போய் நின்றாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னங்க, கொழந்த வாயில சோறு எறங்கி நாளாவுது. அந்த ஓட்டப் பேத்துடுங்க.”

“பேத்துட்டா? இந்த மாரி சரக்கு இன்னொரு வாட்டி கெடைக்குமா? நீ சோத்த நல்லா மூடி வையி.”

“மூடித்தான் வெச்சிருக்கேன்.”

“இன்னாடி, கொஞ்சூண்டு ஆயிலுதான? வழிச்சிப் போட்டுட்டுத் துன்னா ஆச்சி.”

சொன்னபடியே அவர் மோரின் மேல் மிதந்ததை விரலால் வழித்துத் தட்டின் ஓரத்தில் தேய்த்துவிட்டு, மிச்சத்தை உறிஞ்சிக் குடித்தார். விரலையும் நக்கினார். உதட்டோரம் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது. ரேணுகாம்பாள் அந்த வாயையே பார்த்தாள். தயிரைப் பார்த்துக் குமட்டியது வயிற்றோடு போயிற்று. இது நெஞ்சு வரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளையா ஓடா என்று கேட்டதற்கு இந்த மனுஷன் யோசிக்கக்கூட இல்லையே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அவர் சரக்கு விஷயமாகத் திண்டிவனத்துக்கு வண்டியில் போன அன்று, ஸ்டவ்வையும் பாத்திரங்களையும் பாயையும் எடுத்துக்கொண்டு, சந்திரகலாவைக் கையில் பிடித்துக்கொண்டு கார் ஷெட்டுக்குக் குடிபோனாள். சாயங்காலம் திரும்பி வந்தவர் ஷெட் வாசலில் ஹாரன் அடித்தார். கதவு திறக்கவில்லை.

“ஒங்க ஓட்ட நான் ஒடைக்க மாட்டேங்க. நீங்களே வெச்சிக்குங்க,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “அதும் மேல நாங்க இருந்துக்கிறோம்.”

ஷெட்டுக்குள் வடித்த முதல் சோறு வெள்ளையாக இருந்தது. சந்திரகலா முகர்ந்து பார்த்தாள், ஒரு வாய் வைத்தாள், பிறகு தலை நிமிராமல் தின்றாள். அவள் கை தவறிச் சிந்திய ரசம் ஓட்டின் மேல் நிற்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த ராஜமாணிக்கத்தின் சட்டைப்பை நனைந்தது. ரெண்டு நாளில் பசித்தால் வருவாள் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. வண்டி வெயிலில் காய்வது பொறுக்காமல் கூடத்துச் சுவரை இடித்து, அதை வீட்டுக்குள் ஏற்றி நிறுத்தினார். அதன் பிறகு வண்டியும் அவரும் வீட்டிலும், தாயும் மகளும் ஷெட்டிலும் இருந்தார்கள். வண்டியின் ஆயில் கூடத்திலேயே சொட்டி, கூடத்திலேயே ஊறியது. மீன் கழுவும்போது ஷெட்டில் சிந்தியது அவர் படுக்கைக்குப் போனது. முற்றத்தில் நின்று, “புளி ஜாஸ்தி” என்று கத்துவார். ரேணுகாம்பாள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அப்பளம் போட்டு விற்றாள், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறைகளில் தங்கியவர்கள்கூட வாங்கிப் போனார்கள். சந்திரகலா சதை பிடித்தாள், பெரியவளானாள், பத்தாவது தேறினாள். ஊர் இதையெல்லாம் பேசி முடித்து வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

1988 தையில் சந்திரகலாவைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். விருந்தும் ஷெட்டில்தான் நடந்தது. ராஜமாணிக்கம் தாரை வார்த்துவிட்டு, இலையில் உட்காராமல் வண்டியைத் துடைக்கப் போனார். மகளை பஸ் ஏற்றிவிட்டு வந்த ரேணுகாம்பாள் வெறும் தரையில் படுத்து, இத்தனை வருஷமும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். விடிந்ததும் அவர் முற்றத்தில் வந்து நின்றார். முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

“தலகாணி ஈரமா இருந்திச்சி,” என்றார். “நக்கிப் பாத்தேன், உப்பு. என்னிய நெனச்சிதான அழுத?”

தயிரில் மிதந்த ஆயிலோ, அரிசித் தண்ணீரில் வந்த பெருச்சாளியோ அவளுக்கு அந்த அளவு குமட்டியதில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகும் அவளுக்கு மகள் ஞாபகம் வருவதுண்டு. அப்போதெல்லாம் எழுந்து ரோட்டுக்கு வந்து, புளியமரத்தடியில் மண்ணைப் பார்த்து உட்கார்ந்து அழுவாள். மலை சுற்றப் போகிறவர்கள் யாரோ பக்தை என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். அழுது முடித்து, மூக்கைச் சிந்தி மரத்தில் துடைத்துவிட்டு, உள்ளே போய் உலை வைப்பாள்.