வேரோடு வந்த தாழை

அன்று கோட்டைப்பட்டினம் மீன் ஏலக்கூடத்தில் இருந்தவர்கள் நான், என் மகன் அருண்குமார், மகள் சுகுணா, அவள் கணவன் குணசேகரன், ஊர்த்தலைவர் அய்யாக்கண்ணு. வேறு யாரும் இல்லை.

குணசேகரன் நண்டு வலை போடுவது கடல்தாழைப் புல் வளர்ந்த அடித்தரையில். எங்கள் இரண்டு விசைப்படகுகளுக்கு நடுவே இரட்டைமடி வலை கட்டி இழுத்து, அருண்குமார் அந்தத் தரையை வழித்துவிட்டான் என்பது அவன் புகார். இரட்டைமடி இழுத்த படகை ஓராண்டு கரையில் நிறுத்துவது ஊர்க் கட்டுப்பாடு. எங்கள் குடும்பத்துப் படகு ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

மடியைத் தரையில் விரித்தார்கள். சேறும் தாழையும், நசுங்கிய சினை நண்டுகளும், கடல்குதிரைக் குஞ்சுகளும் கிடந்தன.

"காத்துல ஒதுங்குன தாழை. மடியில சிக்கியிருக்கு" என்றேன்.

"காத்துல ஒதுங்குனது வேரோடயாப்பா வரும்?" என்றாள் சுகுணா. "இனிமே நாங்க எங்கிட்டுப் போயி வலை போடுறது?"

"ஒன் புருசனக் கேளு."

தலைவர் என் முகத்தைப் பார்த்தார். மடியைச் சுருட்டச் சொன்னார். மறுவாரமும் அருண்குமார் அங்கேதான் இழுத்தான். குணசேகரன் வள்ளத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனான்.

ஏலக்கூடத்தில் மகளை நான் அடித்ததாக ஊரில் பேசுகிறார்கள். அடிக்கவில்லை. இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றேன், அவ்வளவுதான்.