திரும்பும் தேதி

தென் ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் ஓய்வுபெற்றவர்கள் வீட்டில் தங்குவதில்லை. காருக்குப் பின்னால் கேரவன் என்ற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு, கணவன் ஓட்ட, மனைவி வழி சொல்ல, போகிற வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு, வெயில் தேடி வடக்கே போய்விடுவார்கள். ஜோடி ஜோடியாகத்தான் போவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் ஒருத்தி தனியாகக் கேரவனை இழுத்துக்கொண்டு கிளம்பினால் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும். அந்த வேடிக்கைக்குப் பயந்துதான், கணவன் ரெக்ஸ் செத்த மறுவருஷமே கிளெனிஸ் கேரவனை விற்றுவிட்டாள். அது நின்ற இடத்தில் இப்போது ஒரு எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது.

நாலு குளிர்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெற்குக் காற்றின் சத்தம் கேட்டவள், இந்த வருஷம் ஒரேயடியாக ஐரோப்பாவுக்கே போவதென்று முடிவு செய்தாள். சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துப் போட்டாள். பாரிஸ் வேண்டாம், ரோம் வேண்டாம். கோட்டைச் சுவருக்குள் நாலு தெரு, ஒரு தேவாலயம், ஒரு காப்பிக்கடை, இவ்வளவு இருந்தால் போதும். போர்ச்சுகலில் மலையுச்சியில் ஒரு ஊர், ஸ்லொவேனியாவில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஊர், அதற்குக் கீழே குரோஷியக் கரையில் ரெண்டு மூன்று. ஒவ்வொன்றிலும் ஆற அமரத் தங்க வேண்டும். வாழ்நாள் முழுக்கத் துறைமுகக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கியவள் அவள். அறுவடைக் காலத்தில் கழிப்பறைக்குப் போகக்கூட நேரம் இருக்காது. இனி எதற்கும் ஓடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

தனியாகப் போவதற்கு ஒத்திகைகூடப் பார்த்தாள். கடற்கரை ஹோட்டலுக்குப் போய் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து மீன் வறுவல் கேட்டாள்.

"இன்னொருத்தர் வர்றாங்களாம்மா?" என்றாள் பரிமாறும் பெண்.

"இல்ல, நான் மட்டுந்தான்."

அந்தப் பெண் சிரித்த முகத்தோடு எதிரே இருந்த தட்டு, கத்தி, முள்கரண்டி எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு போனாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கிளெனிஸ் மீனைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

போகும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. திரும்பும் தேதியை மட்டும் அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால்தான் இந்த விலை என்று பயண ஏஜென்ட் பெண் ரெண்டு தடவை போன் செய்துவிட்டாள். கிளெனிஸ் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கடத்தினாள். உண்மையான காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். எப்போது திரும்பி வருவாய் என்று யாராவது ஒருவர் கேட்கட்டும், அப்புறம் தேதி குறிக்கலாம் என்று அவள் காத்திருந்தாள். யாருமே கேட்காவிட்டால் வீட்டை விற்றுவிடுவது, போன இடத்திலேயே ஏதாவது ஒரு ஊரில் அறை எடுத்துத் தங்கிவிடுவது என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். வீட்டுத் தரகர் ஒருவர் வந்து அறை அறையாக அளந்துவிட்டும் போயிருந்தார்.

முதலில் புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்பில் சொல்லிப் பார்த்தாள். லொரெய்னும் தெல்மாவும் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். மூவரும் வருஷக்கணக்காக ஒரே அணி.

"தனியாவா? பலே கைகாரிடி நீ," என்றாள் லொரெய்ன். "அங்க உள்ள கெழவனுங்க சும்மா இருக்க மாட்டானுங்க, பார்த்துக்க."

"இவ சும்மா இருந்தா சரி," என்றாள் தெல்மா. "எப்ப கிளம்பற?"

கிளெனிஸ் கிளம்பும் நாளைச் சொன்னாள். சொல்லிவிட்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ டீம பத்திக் கவலப்படாத கண்ணு," என்றாள் லொரெய்ன், அவள் பார்வையைத் தப்பாகப் புரிந்துகொண்டு. "உன் எடத்துல அந்தப் புதுப் பொண்ணு மார்கோவப் போட்டுக்கறோம். நல்லாவே உருட்டறா. நீ நிம்மதியாப் போ."

நிம்மதியாகப் போ என்பதைவிடக் கொடுமையான வாழ்த்து வேறு இல்லை என்று கிளெனிசுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பெர்த்தில் இருக்கும் மகன் டரிலுக்குப் போன் செய்தாள். பின்னால் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சூப்பர்ம்மா. நீ இதெல்லாம் எப்பவோ செஞ்சிருக்கணும். எப்ப கிளம்பற?"

"அடுத்த மாசம்."

"ஜாலியா இரும்மா. போட்டோ அனுப்பு. டேய், அத கீழ வைடா. அம்மா, அப்புறம் பேசறேன்."

அவள் போனை வைத்தாள். அவன் மேல் கோபமில்லை. இந்த ஊர்க்காரர்கள் வளர்ந்த விதமே அப்படி. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது அநாகரிகம், முதுகில் தட்டிக் கொடுத்து அனுப்புவது அன்பு. அவளே எத்தனை கேரவன்களுக்கு அப்படிக் கையசைத்திருக்கிறாள். எவரையாவது நிறுத்தி, எப்போ வருவீங்க என்று கேட்டதுண்டா? இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தது. மறுநாள் காலை குப்பை வண்டி வரும் என்பதால், தெருவெங்கும் சக்கரத் தொட்டிகளை உருட்டி வாசலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். கிளெனிஸ் தன் தொட்டியைத் தொட்டே நாலு வருஷமாகிறது. ரெக்ஸை அடக்கம் செய்த வாரத்தில் பக்கத்து வீட்டு யாகோவ் அதை உருட்டிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். அன்றிலிருந்து அவரே வைக்கிறார், அவரே உள்ளே கொண்டுவந்து விடுகிறார். அவள் நன்றி சொன்னதில்லை. வேலி தாண்டி இந்தப் பக்கம் பழத்தைக் கொட்டும் அவருடைய அத்திமரத்தைப் பற்றி ரெக்ஸ் காலத்தில் நடந்த வாய்ச்சண்டைக்கு அவர் பரிகாரம் செய்கிறார் என்று நினைத்துக் கண்டும் காணாமலும் இருந்துவிட்டாள்.

அன்றைக்கு அவர் தொட்டியை வைத்துவிட்டுப் போகவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றார். சூரை மீன் படகுகளில் உழைத்து முதுகு வளைந்த மனிதர். குரோஷியாவிலிருந்து இளவயதில் வந்தவர். எத்தனை வருஷமானாலும் அவளை 'மிஸஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

"மிஸஸ், நீங்க வெளிநாடு போறீங்கன்னு மீன்கடையில பேசிக்கிட்டாங்க."

"ஆமா யாகோவ். ஐரோப்பா. சின்னச் சின்ன ஊரா, பழைய ஊரா பாத்து." கடைசியில் குரோஷியக் கரையோரத் தீவில் பார்க்கப்போகும் ஒரு ஊரின் பேரையும் சொன்னாள். அவர் புருவம் உயர்ந்தது.

"அது எங்க ஊருக்குப் பக்கத்துத் தீவு. அங்க போய் என்ன பாக்கப் போறீங்க?"

"ஒண்ணும் இல்ல. அமைதியா இருக்குமாமே."

யாகோவ் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"அமைதியாத்தான் இருக்கும் மிஸஸ். சத்தம் போட்ட ஆளெல்லாம் கப்பலேறி இங்க வந்துட்டோமே. எங்க ஊர்த் தெருவுல இப்ப ரெண்டு வீட்டுலதான் விளக்கு எரியுதாம். மத்ததெல்லாம் பூட்டு. பூட்டின கதவ நல்லாருக்குன்னு போட்டோ எடுத்துட்டுப் போறாங்களாம்."

பத்திரிகைகளிலிருந்து கிளெனிஸ் வெட்டி மேஜையில் வைத்திருந்த படங்கள் எல்லாமே மூடிய கதவுகள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. நீலக் கதவு, பச்சைக் கதவு, வாசலில் ஒரு பூனை. ஆள் யாரும் இல்லை.

"அங்கேருந்து உங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வரட்டுமா?"

"வேணாம். கொண்டுவர வேண்டியத நாங்க அப்பவே கொண்டுவந்துட்டோம். அந்த அத்திக்கொம்பு உள்பட." அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, வந்த விஷயம் அதுதான் என்பது போல, "எப்ப திரும்பி வர்றீங்க?" என்றார்.

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் கேக்கறீங்க?"

"தொட்டிக்காகத்தான். வீட்டுல ஆள் இல்லன்னு தெரிஞ்சா திருட்டுப் பசங்க உள்ள பூந்துருவானுங்க. காலித் தொட்டியா இருந்தாலும் வாராவாரம் வெளிய வைக்கணும், உள்ள எடுக்கணும். எது வரைக்கும் வைக்கணும்னு தெரியணும்ல?"

"இன்னும் முடிவு பண்ணல யாகோவ்."

"பண்ணலன்னாலும் பரவால்ல," என்றார் அவர். "நீங்க வர்ற வரைக்கும் வச்சிக்கிட்டே இருப்பேன்."

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டார். கிளெனிஸ் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஊர் முழுக்க இவ்வளவு தெரிந்தவர்கள் இருந்தும், தன்னை எதிர்பார்த்துக் கேட்டது ஒரே ஒரு ஆள், அதுவும் ஒரு குப்பைத் தொட்டிக்காக என்பதை நினைத்து அழுதாள். ஆளே இல்லாத வீட்டுக்கு முன்னால் அந்த வளைந்த முதுகு வாரம் தவறாமல் காலித் தொட்டியை உருட்டிக்கொண்டு போவதை நினைத்தபோது அழுகை இன்னும் கூடியது. ரெக்ஸுக்காகக்கூட இப்படி அழுததில்லை.

மறுநாள் பயண ஏஜென்ட் பெண்ணைத் தானாகவே கூப்பிட்டாள்.

"அப்பாடா, முடிவு பண்ணிட்டீங்களா மேடம்? ஆகஸ்ட் கடைசியில வியாழன், சனி ரெண்டு நாளும் டிக்கெட் மலிவா இருக்கு."

"செவ்வாய்க்கிழமை இங்க வந்து சேர்ற மாதிரி இருக்கா?"

"இருக்கு, ஆனா கொஞ்சம் கூட ஆகும். செவ்வாய்க்கிழமையேதான் வேணுமா?"

"அதேதான் வேணும். சாயங்காலத்துக்குள்ள வீட்டுல இருக்கணும்."

"யாராவது காத்துட்டிருப்பாங்களா மேடம்?"

கிளெனிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். குப்பை வண்டி வந்து போயிருந்தது. யாகோவ் ஒரு கையில் தன் தொட்டியையும் மறுகையில் அவளுடையதையும் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"இல்லம்மா," என்றாள். "அன்னிக்கு ரெண்டு வீட்டுத் தொட்டியையும் நான் வெளிய வைக்கணும்."