எட்டேகால் மணி நிழல்

1

மூன்று கற்களும் ஒரே மாதிரி இருந்தன. எட்டேகாலுக்கு இன்னும் நான்கு நிமிடம்தான். எதை உருட்டிவிட்டேன் என்று என் கைகளுக்கு நினைவில்லை.

(இப்படித் தொடங்கினால் குழம்பிப் போவீர்கள். வேறொன்றும் எழுதிப் பார்த்தேன்: "பழைய ரப்பர்த் தோட்டத்தில் ஓர் அழகிய காலை..." வேண்டாம். அழகாக எழுதினால் நான் பயப்படவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.)

இந்தக் கதைக்குக் காரணம், நாளை காலை நடக்கப்போகும் ஓர் ஆபரேஷன். என் தோழி ஷாமினியின் அம்மாவுக்கு.

2

நான் மெலிண்டா. வயது பதினாறு. வீடு குனோங் ராபாட்டில். காட்டுப் பூக்களைக் கைப்பேசியில் படமெடுத்து, பெயர் கண்டுபிடிக்கும் குழு ஒன்றில் போடுவேன். ஃபிளாஷ் போடமாட்டேன். இதழ் வெளுத்து, நரம்பு தெரியாமல் போய்விடும்.

ஒன்பது நாளுக்கு முன், சனிக்கிழமை, அண்ணன் கென்னத் என்னை மோட்டார் சைக்கிளில் கோப்பெங் பக்கம் கூட்டிப் போனான். பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள். ஓர் இரட்டை மரத்தடியில் நகத்தளவு ஊதாப் பூ. எட்டேகாலுக்கு வெயில் சாய்வாக உள்ளே வந்தது. பலாக்காய் அளவுக் கல்லொன்றின் நிழல் சரியாகப் பூமேல் விழுந்தது.

"சீக்கிரம் எடுலா, கொசு பிச்சுத் திங்குது."

"நெழலு விழுது அண்ணே."

"கல்லத் தள்ளிவிடு. கோவிச்சுக்கவா போகுது?"

(கடைசி வரியைக் கென்னத் சொல்லவில்லை. குற்றத்தில் பாதி அவனுக்குப் போகட்டும் என்று நான்தான் அவன் வாயில் வைத்தேன். அவன் கொசு அடித்துக்கொண்டிருந்தான். யோசனை என்னுடையது.)

கல் சரிவில் உருண்டு, கீழே கிடந்த கற்களோடு போய் நின்றது. படம் அருமையாக வந்தது.

3

வெள்ளிக்கிழமை படத்தைப் போட்டேன். குழுவில் ஒருவர் எழுதினார்: "பூவுக்கு அடியில் உள்ள பச்சை உறை தெரியவில்லை. அது தெரியாமல் பெயர் சொல்ல முடியாது."

பிறகு ஷாமினியின் குரல் செய்தி வந்தது.

"ஏய், இது எங்க முனியாண்டி எடம்லா. அந்த ரெட்ட மரம் எனக்குத் தெரியும். சூலத்த எவனோ பழைய இரும்புக்குப் போட்டுட்டான், இப்ப சாமி அந்த மரத்தடியில வெறுங்கல்லாத்தான் இருக்காரு. ஞாயித்துக்கெழம அப்பா அம்மாவுக்காக வேண்டிக்கப் போறாரு. நீயும் வாயேன்."

4

மறுநாள் காலையே கென்னத்தை இழுத்துக்கொண்டு போனேன். வாரம் முழுக்கப் பெய்த மழையில், கல் இருந்த குழி மூடியிருந்தது.

"அவங்களுக்குச் சாமி. நமக்குக் கல்லுதானே, மெல்?"

(இதை நிஜமாகவே சொன்னான்.)

கல்தான் என்றால் எனக்கு ஏன் வேர்க்கிறது?

உருட்டுவதற்கு முன் ஒரு சோதனைப் படம் எடுத்திருந்தேன். அதில் கல் இல்லை, பூமேல் நிழல் மட்டும். ஒரு பக்கம் கூன் விழுந்த நிழல். சரிவில் கிடந்த மூன்று கற்களையும் ஒவ்வொன்றாக மேலே தூக்கி வைத்துப் பார்த்தோம். முதல் கல்லின் நிழல் தட்டை. இரண்டாவதில் கூன் விழுந்தது. மூன்றாவதிலும் கூன் விழுந்தது. மறுபடி ஒப்பிடுவதற்குள் மேகம் வந்து...

இரண்டாவதை வைத்துவிட்டு வந்தேன்.

5

ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. ஷாமினிதான் சொன்னாள்.

"அப்பா பால ஊத்தி, மஞ்ச பூசுனாரு. கல்லத் தடவிப் பாத்துட்டு, 'மழை நல்லா கழுவி விட்டிருக்கு'ன்னாருலா. அப்புறம் அழுதாரு, மெல். அவரு அழுது நான் பாத்ததே இல்ல."

(ஷாமினியின் அப்பா மகேந்திரன் அங்கிள் எனக்குப் பிடிபடாத பாத்திரம். தடவிப் பார்த்து அடையாளம் கண்டாரா? வேறு கல் என்று தெரிந்தும் சும்மா இருந்தாரா?)

6

முடிவு ஒன்று: ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. நான் கடைசி வரை வாயைத் திறப்பதில்லை.

முடிவு இரண்டு: ஆபரேஷன்

(இந்த வாக்கியத்தை எழுத மாட்டேன்.)

இன்னொன்றும் இருக்கிறது. இப்போதே ஷாமினியிடம் சொல்லிவிடுவது. ஆனால் சற்று முன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருக்கிறாள்: "தூங்கிட்டியா? அம்மா பயப்படவே இல்ல. முனியாண்டி பாத்துக்குவாருங்கறாங்க."

"ஷாமினி, அந்தக் கல்லு" வரை தட்டினேன். அழித்தேன்.

நீங்களாவது சொல்லுங்கள். சாமி மூன்றாவது கல்லில் இருந்திருந்தால், இரண்டாவது கல்லிடம் அழுதது அவருக்குக் கேட்டிருக்குமா?